மொக்கம்மாளின் பதினாறு முத்து

சென்ற யுத்தத்தில் ஜெயித்தது இங்கிலீஷ்காரனும் இல்லை, அமெரிக்காக்காரனும் இல்லை. குச்சனூரில் பிறந்து போடிநாயக்கனூரில் வாழ்க்கைப்பட்ட மொக்கம்மாள்தான். குண்டு விழுந்து கப்பல் முங்கினால் அது எதிராளியின் சாமர்த்தியம். முங்கின கப்பலில் இருந்தவன் தக்கை மாதிரி மேலே வந்து தும்மினால் அது மொக்கம்மாளின் சாமர்த்தியம். அவள் பேரைக் கேட்டால் ஏழு கடலும் அலையை மடக்கிக்கொண்டு உட்காரும். சுறாமீன் வாயைப் பொத்திக்கொண்டு வேறு தெருவில் போகும். குச்சனூர்க் கோயில் சனீஸ்வரன்கூட, சொந்த ஊர்க்காரி என்பதால், அவளைப் பிடிக்க வந்தபோது வாசலில் நின்று, "வரலாமா மொக்கம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

இத்தனை பெரிய மனுஷி கடலைப் பார்த்ததே இல்லை. அவள் பார்த்த பெரிய தண்ணீர் கொட்டகுடி ஆற்று வெள்ளம். அதையும் கரையில் நின்று, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தாள்.

குச்சனூரில் இருந்த வரைக்கும் நடவு வேலை. பதினெட்டு வயதில் வீரணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வீரணன் மலையடிவாரத்திலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர். மாட்டிடம் பேசுவதில் பாதிதான் மனைவியிடம் பேசுவார். மாடும் பதில் சொல்லாது என்பதால் அவருக்கு அது தோதாக இருந்தது. மொக்கம்மாளுக்குப் படிப்பு கிடையாது. கைநாட்டுத்தான். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தால் அதில் எவள் சும்மா நிற்கிறாள், எவள் மூச்சு வாங்குகிறாள் என்பது அவள் கண்ணில் முதலில் படும். கல்யாணப் பந்தியில் எல்லோரும் இலையைப் பார்க்கும்போது இவள் பரிமாறுகிறவன் காலைப் பார்ப்பாள்.

"ஏலே ரசம், நில்லு! சோத்துக்காரன் இன்னும் ஏழு இலைக்கு அங்கிட்டு நிக்கிறான். நீ வெறும் இலையில ஊத்தி வாய்க்கால் வெட்டப் போறியா?" என்று பந்தியில் உட்கார்ந்தபடியே கத்துவாள். அவளை அழைத்த வீட்டில் ரசம் வீணாகாது. அவளைக் கண்டால் ரசவாளிக்காரர்களுக்குப் பிடிக்காது.

போடிக்குக் கிழக்கே ஒரு பஞ்சு ஷெட் இருந்தது. மலையிலிருந்து இலவங்காய் வரும்; ஓட்டை உடைத்து, கொட்டை நீக்கி, பஞ்சை மெத்தைக்கும் தலையணைக்கும் அனுப்புவார்கள். ஜாவா தீவு ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு, அங்கிருந்து வந்துகொண்டிருந்த இலவம்பஞ்சு நின்றுபோய், நம் ஊர்ப் பஞ்சுக்கு மவுசு வந்தது. நாற்பத்திநாலாம் வருஷம் சித்திரையில் முதலாளி ஒரு பட்டாளத்து ஆர்டர் பிடித்து வந்தார். கப்பலில் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் மிதவைச் சட்டை. காக்கி உறை மதுரையில் தைத்துக் கட்டுக்கட்டாக வரும். ஷெட்டில் பஞ்சை உதறி, நிறுத்து, உறைக்குள் அடைத்து, வாயைத் தைத்து, நாடா வைத்து, முடிச்சைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். நாளைக்கு நூற்றிருபது சட்டை. குறைந்தால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

இதற்குப் பன்னிரண்டு பெண்களை எடுத்தார்கள். அவர்களை மேய்க்க மொக்கம்மாள். பன்னிரண்டாவது ஆளாக, முடிச்சு பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தவள் ஞானசெல்வி. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, வயது பதினாலு. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்பில் கால் வைத்த வாரமே, வாத்தியார் நாற்காலியில் இலவம்பிசின் தடவி, வாத்தியாரோடு நாற்காலியும் எழுந்து வந்ததால் படிப்பு நின்றது. இதை எழுதுகிறவளும் அவள்தான். தன்னைப் பற்றி 'நான்' என்று எழுதினால் பொய் கலந்துவிடும் என்பதால் பேரைச் சொல்லியே எழுதுகிறாள்.

பஞ்சு மிதக்கும் என்பதை ஷெட்டில் யாரும் முதலில் நம்பவில்லை. முதல் சட்டையைக் காவலாளி ஒச்சாண்டிக்கு மாட்டி, "தாத்தா, தண்ணித்தொட்டிக்குள்ள ஏதோ வெள்ளிக்காசு மாதிரி மினுங்குது" என்று சொல்லி, அவர் குனிந்ததும் ஞானசெல்வி தள்ளிவிட்டாள். ஒச்சாண்டி மிதந்தார். மிதந்துகொண்டே அவள் வம்சம் முழுவதையும் வரிசையாகத் திட்டினார். பரிசோதனை முடிந்தது.

ஆட்களை உட்காரவைக்கும் கணக்கு ஆதித்தனுடையது. அவர் மதுரையில் ஒரு மில்லில் நேரம் குறிக்கும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்; முப்பது வயதுக்குள்தான். சட்டைப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். இரண்டு நாள் ஒவ்வொருத்தி முன்னாலும் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு சட்டைக்கு உதறல் ஆறு நிமிஷம், எடை மூன்று, அடைப்பு பன்னிரண்டு, வாய்த் தையல் பதினாறு, நாடா எட்டு, முடிச்சு மூன்று என்று எழுதினார். மொத்தம் நாற்பத்தெட்டு. எட்டு மணி நேரத்தில் நூற்றிருபது சட்டை என்றால் நாலு நிமிஷத்துக்கு ஒன்று வந்து விழ வேண்டும். நாற்பத்தெட்டை நாலால் வகுத்தால் பன்னிரண்டு. ஆளும் பன்னிரண்டு. ஆதித்தன் கடிகாரத்தை மூடிப் பையில் போட்டு, வெற்றிலை வாங்கிவர ஆள் அனுப்பினார்.

பெண்களைப் பந்திக்கு உட்காருவது மாதிரி நேர்வரிசையில் உட்காரவைத்தார். உதறலுக்கு இரண்டு பேர், எடைக்கு ஒருத்தி, அடைப்புக்கு மூன்று பேர், வாய்த் தையலுக்கு மூன்று பேர், நாடாவுக்கு இரண்டு பேர், முடிச்சுக்கு ஒருத்தி. முதல் நாள் சாயங்காலம் எண்ணினால் எண்பத்தெட்டு. மறுநாளும் எண்பத்தெட்டு. அடைத்த சட்டைகள் தையல்காரிகளுக்கு முன்னால் மலையாகக் குவிந்து கிடந்தன. அதற்குப் பின்னால் நாடாக்காரிகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்று தையல்காரிகளில் இரண்டு பேர் நாளைக்கு முப்பத்திரண்டு வாய் தைத்தார்கள். மூன்றாவது ஆள் ராமுத்தாய், அவள் இருபத்திநாலு. அவள் புருஷன் வேலுச்சாமி பட்டாளத்துக்கு ரோடு போட அசாம் பக்கம் போனவன். ஆறு மாசமாகக் கடுதாசி இல்லை. நாலு மாசக் கைக்குழந்தை. அந்த வருஷம் அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். ஷெட்டில் பேர் உள்ளவர்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை அரிசி அளந்தார்கள். பேர் போனால் அரிசி போச்சு. ராமுத்தாய்க்குக் கேட்க வேறு வாசல் கிடையாது.

"மொக்கம்மாக்கா, அந்த மூணாவது ஆளை மாத்திருவோம். வெரசாத் தைக்கிற ஒருத்தியப் போட்டா சரியாப் போகும்" என்றார் ஆதித்தன்.

மொக்கம்மாள் புடவை முந்தியில் முடிந்திருந்த புளியமுத்துகளை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். "தம்பி, அவ எடத்துல முப்பத்திரண்டு தைக்கிறவ வந்தா மொத்தம் எம்புட்டு?"

"தொண்ணூத்தாறு."

"நூத்தியிருபது எங்க இருக்கு? இருபத்திநாலு சட்டை அப்பவும் அந்தரத்துலதான் நிக்கிது. பச்சப்பிள்ளக்காரிய வெரட்டிட்டு அதுக்கும் பதில் இல்லாம நிப்பீக."

ஆதித்தன் தாளைத் திருப்பிப் பார்த்தார். "கணக்குப்படி தையலுக்கு நாலு பேரு வேணும்தான். உதறலுக்கு ஒன்றரை ஆள். எடைக்கு முக்கால் ஆள். முடிச்சுக்கு முக்கால் ஆள். கூட்டினா பன்னெண்டு வந்துருது. ஆனா அரை ஆளு, முக்கால் ஆளுக்கு எங்கிட்டுப் போறது?"

"ஒச்சாண்டித் தாத்தாவ வேணா வெட்டிக்கிடலாம்" என்றாள் ஞானசெல்வி.

"ஒன்னய ரெண்டா வெட்டினா வாய் மட்டும் மூணாத் தேறும்" என்றார் ஒச்சாண்டி, வாசலில் இருந்தபடியே.

ஒச்சாண்டியின் வேலை அரைமணிக்கு ஒருமுறை மணி தட்டுவது. போடி ரயில் பாதையை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போனபோது யார் கைக்கோ தப்பிய ஒரு முழத் தண்டவாளத்தை வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நிமிஷம் என்ற சாமான் மொக்கம்மாளுக்குப் பிடிபடாது. தட்டு பிடிபடும். வேலை நேரத்துக்குள் பதினாறு தட்டு. ஆகவே ஒருத்தியின் ஒரு நாள் என்றால் அவளுக்குப் பதினாறு முத்து. ஒரு தட்டுக்குள் நல்ல கை இரண்டு வாய் தைக்கும். உதறுகிறவள் ஐந்து சட்டைக்கான பஞ்சை உதறுவாள். எடைக்காரி பத்துச் சட்டைக்கு நிறுத்துவிடுவாள். இதெல்லாம் அவள் கடிகாரம் இல்லாமல் பார்த்து வைத்திருந்தது.

அவள் முத்துகளைக் குவித்தாள். "ஜெபராணி எடை போடுறா. நூத்தியிருபதுக்குப் பன்னெண்டு முத்துதான் செலவாகும். நாலு முத்து சும்மா கெடக்கு. இந்த வாலு முடிச்சுப் பாக்குது. அதுக்கும் நாலு முத்து சும்மா. அந்த நாலுலதான் எல்லாச் சேட்டையும் நடக்குது. உதறுற ரெண்டு பேருல ராஜாத்திய தையலுக்குத் தூக்கிப் போடுங்க. அவளுக்கும் முப்பத்திரண்டு கை இருக்கு. அப்ப உதறலுக்குக் கஸ்தூரி ஒருத்திதான். அவளுக்கு எட்டு முத்து குறையும். இந்த நாலும் அந்த நாலும் எட்டு."

"சரிதான். ஆனா எடை போடுறவ உதறுறவ பக்கத்துல இருக்கா, கை குடுப்பா. முடிச்சு இருக்கிறது வரிசையோட அந்தக் கடைசியில. இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தே பாதி நேரம் போயிரும்."

"நீங்க பந்தி மாதிரி உக்கார வச்சிருக்கீக. கும்மிக்கு நிக்கிற மாதிரி உக்கார வைங்க. மொத ஆளும் கடைசி ஆளும் தோளு இடிக்கும்."

ஆதித்தன் பென்சிலை நாக்கில் தொட்டார். பிறகு தாளில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். அவருடைய அரை ஆளும் முக்கால் ஆள்களும் அந்த வட்டத்துக்குள் முழு ஆளாகி உட்கார்ந்தார்கள். "தயாரான சட்டையில பஞ்சு பறந்து ஒட்டுமே. சோதனைக்கு வர்றவரு பாத்தா?" என்று கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்.

"நடுவுல ஈரச் சாக்கத் தொங்கவிட்டா ஒட்டாது."

தையல் கணக்கும் சரியாக வந்தது. மூன்று கை முப்பத்திரண்டு, ராமுத்தாய் இருபத்திநாலு, மொத்தம் நூற்றிருபது. அங்கே மட்டும் ஒரு தும்மலுக்கு இடமில்லை. ஆதித்தன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மூணு நாள் பாப்போம். ராமுத்தாயி இருபத்திநாலுல நிக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான் வேற ஆளு பாக்க வேண்டி வரும். முதலாளி சொல்லிட்டாக."

வட்டமாக உட்கார்ந்த முதல் நாளிலேயே சனியன் பிடித்தது. அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி கம்பத்துக்கு மகள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். ராமுத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஷெட் உத்தரத்தில் பழம்புடவையால் தொட்டில் கட்டினாள். பிள்ளை அழும், அவள் எழுவாள். பால் கொடுத்துவிட்டு வருவாள், நூல் கோப்பாள், பிள்ளை மறுபடி அழும். மத்தியானத்துக்குள் ஞானசெல்விக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. இவளால் பதினெட்டைத் தாண்ட முடியாது.

ஞானசெல்விக்கு நாலு முத்து நேரம் இருந்தது. ஈரச் சாக்குக்குப் பின்னால் போய்க் கஸ்தூரியம்மாளோடு பஞ்சு உதறவேண்டிய நேரம் அது. போகிற வழியில் ராமுத்தாயின் குவியலிலிருந்து இரண்டு சட்டையைத் தாவணிக்குள் சுருட்டிக்கொண்டு போனாள். சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைத் தைத்தாள்.

கஸ்தூரியம்மாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, பஞ்சுப் புகைக்குள் நின்றாள். "என்னடி பண்ற?"

"கெட்ட பேரு வாங்குறேன் சின்னம்மா."

கஸ்தூரியம்மாள் எட்டிப் பார்த்தாள். யாருடைய சட்டை என்று தெரிந்ததும் கோலை இன்னும் ஓங்கிப் பிடித்தாள். "தையி. ஓம் பங்கையும் நானே உதறிப் பாக்குறேன்."

அப்படி நாளைக்கு ஆறு சட்டை. தைத்ததைத் திரும்பக் கொண்டுபோய் ராமுத்தாயின் பக்கத்தில் நழுவவிட்டபோது அவள், "வேணாம்டி, கண்டுக்கிட்டாகன்னா ஒன் பேரும் போயிரும்" என்றாள். "என் பேரு நீளம்க்கா. பாதி போனாலும் பாதி மிஞ்சும்" என்றாள் ஞானசெல்வி. இரண்டாம் நாள் அது ஊரறிந்த ரகசியம். தையல்காரிகளுக்குத் தெரியும், நாடாக்காரிகளுக்குத் தெரியும். மொக்கம்மாளுக்கும் ஆதித்தனுக்கும் மட்டும் தெரியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

ராமுத்தாய் பேருக்கு நேராக இருபத்திநாலு விழுந்தது. ஆனால் அடைப்பில் நூற்றிருபது வரவில்லை. கஸ்தூரியம்மாள் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் இரண்டு கைதானே. மத்தியானத்துக்கு மேல் பஞ்சு மேடு தரை தட்டியது. அடைக்கிறவர்கள் காலி உறையை மடியில் வைத்துக்கொண்டு உதறல் பக்கமே பார்த்தார்கள். தையலும் நாடாவும் மட்டும் பழைய குவியலைக் கரைத்துக்கொண்டு ஓடின. முதல் நாள் அடைத்தது நூறு. இரண்டாம் நாளும் நூறு. தையல் கணக்கோ நூற்றிருபது காட்டியது. தைக்கப் பழைய குவியல் இருந்ததால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அந்தக் குவியலும் மூன்றாம் நாளோடு கரைந்துபோயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசித் தட்டு விழுந்ததும் ஆதித்தன் வட்டத்துக்கு நடுவே வந்து நின்றார். "அடைச்சது நூறுதான், பழைய குவியலும் தீந்துபோச்சு. தையல் சரியா இருக்கு, ராமுத்தாயி சொன்னபடி இருபத்திநாலு குடுத்துருச்சு. குத்தம் உதறல்ல. கஸ்தூரியம்மா, நாளையிலருந்து நீங்க வர வேணாம்."

கஸ்தூரியம்மாள் மூக்குத் துணியை அவிழ்த்தாள். முகத்தில் துணி மறைத்த இடம் மட்டும் கறுப்பாகவும் மற்ற இடமெல்லாம் வெள்ளைப் பஞ்சாகவும் இருந்தது. ஞானசெல்வியை ஒரு தரம் பார்த்தாள். துணியை நாலாக மடித்தாள்.

ஞானசெல்வி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் ராமுத்தாய் போய்விடுவாள். சொல்லாவிட்டால் கஸ்தூரியம்மாள் போய்விடுவாள். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒருத்தி குறைந்தாள்.

"இருங்க தம்பி" என்றாள் மொக்கம்மாள். தரையில் குந்தி, முந்தியை அவிழ்த்தாள். "கஸ்தூரி கையி மூணு நாளா நின்னு நான் பாக்கல. பஞ்சு எங்க குறைஞ்சாலும் அது முத்து குறைஞ்சதுதான், ஆளு குறைஞ்சது இல்ல. அத விடுங்க. மொதல்ல இதச் சொல்லுங்க. ராமுத்தாயி எம்புட்டு தச்சா?"

"இருபத்திநாலு. எழுதியிருக்கே."

"பதினெட்டு."

"தாள்ல இருபத்திநாலு இருக்குக்கா."

"தாளு தொட்டிலுக்குப் பக்கத்துல உக்காரல தம்பி, நான் உக்காந்தேன். இன்னைக்கு மட்டும் எட்டுத் தடவ எந்திரிச்சா. எந்திரிச்சவ உக்கார ஒரு தடவைக்கு அரைத் தட்டு ஆச்சு, ரெண்டு தடவைக்கு ஒரு முத்தா நவுத்திக்கிட்டு வந்தேன். நாலு முத்து பிள்ளைக்கே போச்சு. மிச்சப் பன்னெண்டுல இந்தக் கை பதினெட்டுக்கு மேல தைக்காது."

ராமுத்தாய் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். "மதினி…" என்றாள். முந்தியால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏத்தா, நீ அழுதா அதுக்கு வேற ரெண்டு முத்து போகும். சும்மா இரு" என்றாள் மொக்கம்மாள். பிறகு ஆதித்தனிடம் திரும்பினாள். "இவளுக்கு ஒரு நாள்ல நாலு முத்து பிள்ளைக்கு வேணும். நம்ம கும்மியில நாலு முத்து சும்மா கெடக்கிற எடம் எது?"

ஆதித்தன் யோசித்தார். "எடை."

"ஜெபராணி எடத்துல இவள உக்கார வைங்க. நிறுத்து வச்சுட்டு எந்திரிச்சா யாரும் காத்து நிக்க மாட்டாக. பத்துச் சட்டைக்கு முன்கூட்டி நிறுத்துப் போட்டுரலாம். ஜெபராணிய தையலுக்கு அனுப்புங்க. கோயிலுக்குத் துணி தச்சுக் குடுத்த கை. இப்ப தையல்ல நாலு பேரும் முப்பத்திரண்டு. எம்புட்டு ஆச்சு?"

"நூத்தி இருபத்தெட்டு." ஆதித்தனின் பென்சில் தானாக நகர்ந்தது. "எட்டு கூட. எட்டு சட்டைன்னா… நாலு முத்து." அவர் தன்னை அறியாமல் முத்துக் கணக்குக்கு வந்துவிட்டதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

"அந்த நாலு முத்துக்கு ஜெபராணி காலம்பற மொதல்ல உதறட்டும். அந்நேரம் தைக்கிறதுக்கே ஒண்ணும் வந்திருக்காது. மத்த நாலு இந்த வாலுகிட்ட இருக்கு. எட்டு சரியாப் போச்சா? கஸ்தூரி எங்கயும் போக வேணாம், ராமுத்தாயும் எங்கயும் போக வேணாம்."

"அப்ப இருபத்திநாலுன்னு எழுதினது எப்படி வந்துச்சு?"

"அது எங்க வீட்டு வழக்கு. நான் பாத்துக்கிறேன். நீங்க கடியாரத்தப் பாருங்க."

மறுநாள் கடைசித் தட்டுக்கு ஒரு தட்டு முன்னாலேயே நூற்றுப் பதினெட்டு வந்துவிட்டது என்பதையும், பழைய குவியல் இல்லாமலே வந்த நூற்றிருபதாவது சட்டையை ஆதித்தன் தானே மாட்டிக்கொண்டு முதலாளியைக் கூப்பிடப் போனார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். யுத்தம் முடிகிற வரைக்கும் அந்தக் கும்மி கலையவில்லை. ராமுத்தாய் ஒரு கையில் தராசும் ஒரு காலில் தொட்டில் கயிறுமாக உட்கார்ந்து, வாரா வாரம் அரிசி வாங்கிக்கொண்டு போனாள். மொக்கம்மாள் கல்யாணப் பந்திகளில் ரசக்காரனை நிறுத்திக்கொண்டேதான் இருந்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆனால் அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் முடியவில்லை. எல்லோரும் எழுந்து புடவையிலிருந்து பஞ்சைத் தட்டிக்கொண்டு போனார்கள். கஸ்தூரியம்மாள் போகும்போது ஞானசெல்வியின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். அது வலிக்கவும் இல்லை. ஞானசெல்வி மட்டும் தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மொக்கம்மாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் ஒரு சுமை காக்கிச் சட்டை.

"ஏண்டி, பொய்யி சொன்னா சோறு கெடைக்காதுன்னு ஒங்க வேதத்துல இல்லியா?"

"நான் என்ன பெரியம்மா பொய் சொன்னேன்? நான் வாயே தொறக்கல."

"வாயத் தொறக்காம வாயத் தச்ச. பஞ்சுல ஒரு நாளைக்கு இருபது சட்டை குறையிது. அது நாலு முத்து. நாலு முத்து யாருகிட்ட இருந்துச்சு? எங்கிட்டச் சொல்லியிருந்தா மொத நாளே எடத்த மாத்தியிருப்பேன். நீ இருபத்திநாலுன்னு காட்டினதால அத நம்பி மூணு நாளு நானும் கஸ்தூரியத்தான் மொறச்சேன். அவகிட்ட எந்த மூஞ்சியோட பேச?" மொக்கம்மாள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எண்ணிச் சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் ஞானசெல்விக்குச் சுட்டது.

"ராமுத்தாக்கா பாவம்னு…"

"பாவம்தான். அதுக்கு இப்படியா தைப்பாக?" ஒரு சட்டையை எடுத்து வாயை இழுத்துக் காட்டினாள். தையலுக்கு நடுவே சுண்டுவிரல் போனது. விரலோடு பஞ்சும் வெளியே வந்தது. "இருபது குத்து இருக்க வேண்டிய எடத்துல பன்னெண்டு இருக்கு. நடுக்கடல்ல ஒருத்தன் இதப் பிடிச்சுக்கிட்டு மெதக்கும்போது ஒன் எரக்கம் பிரிஞ்சு போச்சுன்னா அவன் யாருகிட்டப் போயிச் சொல்லுவான்? மதுரைக்குப் போற கட்ட அவுத்து எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டேன். நீயே பிரி, நீயே தையி."

ஞானசெல்வி தலையைக் குனிந்து சட்டைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்க ஒரு கை போயிற்று. பஞ்சு பட்டுவிட்டது என்று மூக்கையும் சேர்த்துத் துடைத்தாள். "எல்லாத்தையும் தச்சு வச்சுட்டுத்தான் பெரியம்மா எந்திரிப்பேன். நீங்க போங்க. வீட்டுல பெரியப்பா காத்துக்கிட்டு இருப்பாக."

"அவரு மாட்டோட பேசிக்கிட்டு இருப்பாரு. எண்ணு."

ஞானசெல்வி எண்ணினாள். "பதினேழு."

"மூணு நாளு. நாளைக்கு ஆறு."

"ஒரு நாளு அஞ்சுதான் தச்சேன் பெரியம்மா. கை வலி."

"தம்பி தாள்ல இருபத்திநாலு, இருபத்திநாலு, இருபத்திநாலுன்னு இருக்கு. ஒரு நாளு அஞ்சுன்னா அன்னைக்கி இருபத்திமூணுல்ல இருக்கணும்." மொக்கம்மாள் முத்துகளை முந்தியில் முடிந்துகொண்டாள். "எந்திரி."

"கால் மரத்துப்போச்சு."

"எந்திரிடி."

ஞானசெல்வி எழுந்தாள். அவளோடு பதினெட்டாவது சட்டையும் எழுந்தது. கடைசித் தட்டு விழுகிற அவசரத்தில், இருபத்திநாலு என்று முன்னாலேயே எழுதவிட்டு, மடியில் வைத்துத் தைத்தபோது, அதன் வாயைத் தன் பாவாடையோடு சேர்த்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, இருபது குத்தும் குறையாமல் தைத்து வைத்திருந்தாள்.